பாவு இழையில் பழகிய அழைப்பு

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கடைக்குப் போனால்கூட வேண்டியதை விரலால் காட்டிவிட்டு நிற்பேன். அப்படிப்பட்டவள் ஒரு நாள் துருக்கி மொழியில் பேசினேன்.

எழுபதுகளின் தொடக்கம். நெசவு பழகுவதற்காக ஒரு துருக்கிக்கார அம்மா எங்கள் முதலாளி வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தார். நான் அங்கே பாவு பிணைக்கப் போவேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; முடிந்துபோன பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிச் சேர்க்கும் வேலை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தமிழ்ச் சொல் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நான் “வீடு, வீட்டில், வீட்டுக்கு” என்று சொன்னதும் துள்ளினார்.

“எங்க பேச்சும் இப்படி! பின்னாடி, பின்னாடி ஒட்டும்!”

எவ் என்றால் வீடு. எவிமிஸ், எங்கள் வீடு. எவிமிஸ்தெ, எங்கள் வீட்டில். எவிமிஸெ, எங்கள் வீட்டுக்கு. நாம் முன்னால் வைக்கிற ‘எங்கள்’ அங்கே வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. நம் ‘கு’வுக்கு அங்கே ‘எ’, அது அதற்கும் பின்னால். நாளெல்லாம் இழையோடு இழை சேர்க்கிறவளுக்கு இது புரியாதா?

பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவரை விருந்துக்கு அழைத்தார்கள். எங்கள் வீடு ஒரே அறை, அதில் பாதி, காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற தறிக்குழி. இருந்தாலும் ஊருக்குப் போகுமுன் ஒரு வேளையாவது அவர் என் கையால் சாப்பிட வேண்டும், அவர் பேச்சிலேயே அழைக்க வேண்டும் என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. ‘வாருங்கள்’ என்பதற்குக் ‘கெலின்’ என்று கேட்டு வைத்துக்கொண்டேன். இழைக்கு ஒரு தடவை, எவிமிஸெ கெலின்.

“இன்னா அண்ணி, பாவுக்கு மந்திரம் ஓதிக்கினு இருக்கே?” என்றாள் கூட வேலை செய்த நாத்தனார்.

“நீ உன் பக்கத்தப் பாரு.”

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை எதிரில் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. விரலில் இழை இருந்தால்தானே வார்த்தை வரும்!

“இன்னாமா, ஊமையாட்டம் நிக்கிறே?” என்றார் முதலாளியம்மா.

முந்தானை ஓரத்தில் தொங்கிய இரண்டு நூலைப் பிடித்தேன். முறுக்கினேன்.

“எவிமிஸெ கெலின்.”

துருக்கி அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று ஏதேதோ பேசினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

அன்று மத்தியானமே வந்துவிட்டார். தறிக்குழி ஓரம் பாயில் உட்கார்ந்து, கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாத்தனார் காதைக் கடித்தாள்: “மோர் வேணுமான்னு கேளு அண்ணி.”

“அது இன்னும் படிக்கலடி. நீயே ஊத்து.”