சத்தமில்லாத வண்டியும் மைக்கேல்ராஜ் மாமாவும்

ஒரு ஹைபிரிட் கார் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்கள் மாமா மைக்கேல்ராஜ் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்தியிருக்கலாம். பெண் பார்த்து, நிச்சயம் செய்து, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து, விருந்தும் போட்டு முடித்திருக்கலாம். மாமா என்றால் என் அக்கா சூசைமேரியின் வீட்டுக்காரர். நான் ஓசூருக்கும் பெங்களூருக்கும் டாக்சி ஓட்டுகிறவன். அதனால் கார் என்று பேச்செடுத்தாலே வீட்டில் என்னைத்தான் பிடித்து இழுப்பார்கள்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு அந்தக் கார் பிடிக்காமல் இல்லை. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

காது போனால் யாருக்கும் கஷ்டம்தான். மாமாவுக்கோ அதுதான் பிழைப்பு. சிப்காட்டில் கியர் பாக்ஸ் செய்கிற கம்பெனியில், கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார்ந்து, சுற்றவிட்ட கியர் பாக்ஸின் சத்தத்தைக் கேட்பது அவர் வேலை. பல்லோடு பல் சரியாகச் சேராத கியர் மெல்லிசாக ஊளையிடும். ஊளை இல்லையென்றால் பச்சை ஸ்டிக்கர், இருந்தால் சிவப்பு. பக்கத்திலேயே ஒரு மெஷின் நின்று கிராஃப் போட்டுக் காட்டும். மெஷின் தவறவிட்டதை மாமா பிடித்த கதைகள் கம்பெனியில் நிறைய உண்டு. ‘காது மைக்கேல்’ என்றால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் தெரியும். மத்திகிரியில் எங்கள் தெருவில் யார் பழைய பைக் வாங்கினாலும் மாமாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் எஞ்சின் பக்கம் குனிந்து கண்ணை மூடுவார். வேணாம் என்று தலையசைத்தால் பேரம் அதோடு சரி. அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அக்கா உத்தனப்பள்ளியில் டீச்சர். ஓசூரிலிருந்து போகிற ரோடு சானமாவுக் காட்டை ஒட்டிப் போகும். பஸ் தவறிய நாட்களில் மாமா பைக்கில் போய்க் கூட்டி வருவார். போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அப்படி வரும்போது, வனத்துறை ஆட்கள் ரோட்டோரம் நின்று விசில் அடித்திருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள். மாமா பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போயிருக்கிறார். அக்கா முதுகில் குத்தி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். ராகிக் கொல்லையிலிருந்து யானைகள் ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஹெல்மெட் போட்டிருந்ததால் கேட்கவில்லை என்றார் மாமா. அக்கா அதை நம்பினாள். இனிமேல் பைக்கில் இந்த ரோட்டுக்கு வரமாட்டேன், ஒரு கார் வாங்குங்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள்.

அக்கா நம்பியதை மாமாவால் நம்ப முடியவில்லை. மறுநாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். மெஷின் கிராஃபில் கோடு மேலே ஏறியது. இவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. அன்றிலிருந்து கிராஃபைப் பார்த்தே பச்சையும் சிவப்பும் ஒட்டத் தொடங்கினார். பொங்கல் முடிந்ததும் கம்பெனியில் எல்லோருக்கும் காது டெஸ்ட் வைப்பார்கள். அதில் தேறாவிட்டால் அந்த அறையில் அவருக்கு இடமில்லை.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது என் டாக்சியில் வைத்து. சவாரியே இல்லாமல் சும்மா ஏறி உட்கார்ந்து அத்திப்பள்ளி வரை வந்தார். ஜூஜுவாடி தாண்டி லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். முடித்துவிட்டு, அக்காவிடம் மூச்சுவிட்டால் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றும் சொன்னார். மாட்டேன் என்று தலையாட்டினேன். சரி என்று வாயால் சொன்னால் அவருக்குக் கேட்குமோ என்னவோ என்று அப்போதே ஒரு சந்தேகம் எனக்கு.

அக்காவுக்கு ஹைபிரிட்தான் வேண்டும் என்று பிடிவாதம். கரண்டில் ஓடும் வண்டியை வீட்டில் சார்ஜ் போட வேண்டும், எங்கள் ஹவுஸ் ஓனர் ராமப்பனோ வாஷிங் மெஷினுக்கே முகம் சுளிப்பவர், மீட்டர் எரிந்துவிடும் என்று ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டார். ஹைபிரிடுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல் போட்டால் போதும், பேட்டரி தன்னால் ஏறிக்கொள்ளும். அது மட்டும் காரணமில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகள் சத்தம், திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டுச் சத்தம், வீட்டுக்கு வருகிற அரை மணி நேரமாவது காது சும்மா இருக்கட்டும் என்பாள். சத்தமே இல்லாமல் போகும் என்று அவளோடு வேலை செய்யும் டீச்சர் சொல்லிவிட்டாளாம். மாமா அதைக் கேட்டுக்கொண்டு தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

முதல் முறை ஷோரூமுக்கு நானும் அவரும்தான் போனோம். ஸ்வாதி என்று ஒரு பெண் வண்டியைக் காட்டினாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள் போலிருக்கிறது, ‘பாருங்க சார்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நோடி சார்’ என்று வந்துவிடும். நல்ல பெண். கிளம்பும்போது வண்டி பேட்டரியில் போகும், அப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் பச்சையாக ஒரு எழுத்து எரியும், தேவைப்படும்போது எஞ்சின் தானாக வந்து சேர்ந்துகொள்ளும், அப்போது பச்சை அணையும், எஞ்சின் வந்ததே தெரியாது சார், அவ்வளவு சைலன்ட் என்றாள். அந்தத் ‘தெரியாது’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் மாமா. யாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று மனசுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டுவிட்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கார் பார்ப்பதே இல்லை. மாமா பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் ஓட்ட வேண்டும். எஞ்சின் வந்ததும் அவர் சொல்வார், பச்சை அணைந்ததா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனி டெஸ்டுக்கு முன்னால் காசில்லாமல் ஒரு டெஸ்ட். பாகலூர் ரோட்டில் ஒரு தடவை, தளி ரோட்டில் ஒரு தடவை, வேறு ஊர் ஷோரூமில் அதே வண்டியை வைத்து ஒரு தடவை. மேட்டில் ஏறும்போது எஞ்சின் உறுமும், அது அவருக்குக் கேட்டுவிடும். அன்றைக்கு வீட்டில் பிரியாணி. சமமான ரோட்டில் எஞ்சின் பூனை மாதிரி வரும், அது கேட்காது. அன்றைக்கு அவரிடம் யாரும் வாய்கொடுக்க முடியாது. நான் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துப் பார்த்தே சலித்துப்போனேன். ஸ்வாதி மட்டும் சலிக்கவில்லை. சார் பெரிய டெக்னிக்கல் ஆள், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மாமாவால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேல் கையை வைத்துப் பார்ப்பார், ஓடுகிறதா என்று. தண்ணீர் மோட்டாரை யாராவது போட்டிருக்கிறார்களா என்று மாடிக்கும் கீழுக்குமாக நடப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்து நின்ற பிறகு இவர் எழுந்தார். நைட் ஷிப்ட் அசதி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். போய் டாக்டரைப் பாருங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்பார். நோயைவிட நோயின் பேரைக் கேட்கத்தான் அவருக்குப் பயம்.

அக்கா வேறு மாதிரிக் கணக்குப் போட்டாள். மனுஷனுக்கு வாங்க மனசில்லை, அதனால்தான் இந்த இழுபறி என்று முடிவு கட்டிவிட்டாள். “எனக்குன்னு ஒண்ணு செய்யறதுன்னா மட்டும் உங்க மாமாவுக்குக் கை வராதுடா” என்று என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கு மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டு பேர் மேலும் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அக்காவே ஷோரூமுக்குக் கிளம்பி வந்தாள். பாகலூர் ரோடு, தளி ரோடெல்லாம் வேண்டாம், நான் தினம் போகிற ரோட்டில் ஓட்டிக் காட்டுங்கள் என்றாள். நான் ஓட்டினேன். அக்கா என் பக்கத்தில். பின்னால் மாமாவும் ஸ்வாதியும். பச்சை எழுத்தைப் பற்றி ஸ்வாதி அக்காவுக்கும் பாடம் நடத்தி முடித்தாள். மாமா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

ராயக்கோட்டை ரோட்டில் ஊர் முடிந்து வண்டி சீராகப் போகத் தொடங்கியது. பச்சை அணைந்தது. நான் கண்ணாடியில் மாமாவைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அக்கா பச்சை அணைந்ததைக் கவனித்துவிட்டு, ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோல் சிரித்தாள். யூக்கலிப்டஸ் மரங்கள் வந்தன. காடு தொடங்கியது. மாமா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

திடீரென்று மாமா பேசினார். “இந்நேரம் வரைக்கும் பேட்டரியிலயே வருது பாத்தியா. வண்டி நல்ல வண்டிதான்.”

குரலில் பழைய பெருமை அப்படியே இருந்தது. ஸ்வாதி அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டாள். எஞ்சின் வந்து எவ்வளவு நேரமாச்சு சார் என்றாள். மாமா கண்ணைத் திறந்தார். “என்ன?” என்று கேட்டார். அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“அன்னிக்கு விசில் அடிச்சாங்களே…” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். யானை நடமாடும் பகுதி, வண்டியை நிறுத்தாதீர்கள் என்று போர்டு வைத்திருக்கும் இடம் அது. அக்கா சொன்னபிறகு போர்டாவது ஒன்றாவது, நிறுத்தினேன். ஸ்வாதியை முன்னால் வரச் சொல்லிவிட்டு, அவள் இறங்கிய கதவு வழியாகவே அக்கா பின்னால் ஏறி மாமாவின் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

“எந்தக் காது கொஞ்சமாவது கேக்குது?”

மாமாவுக்கு அது கேட்கவில்லை. அவள் இன்னும் கிட்டே போய் மறுபடி கேட்டாள். அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். அக்கா மறுபடி இறங்கினாள். வண்டியைச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, அவரை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினாள்தான், ஆனால் என்னைத் திட்டினாள். தம்பிக்குத் தெரியலாம், பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாதா என்று கேட்டாள். மாமா ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லத் தொடங்கினார். கண்ணாடி அறை, கிராஃப், பொங்கலுக்குப் பிறகு வரும் டெஸ்ட். காதில் வாங்காமலே ஒட்டிய பச்சை ஸ்டிக்கர்களைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அந்தக் காட்டு ரோட்டில் அவர் அழுதது நன்றாகக் கேட்டது.

அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாள்.

“இந்த வண்டி வேணாங்க. சத்தம் வர்ற வண்டியாப் பாத்து எடுத்துக்கலாம். உங்களுக்குக் கேக்கற மாதிரி.”

“எனக்கு இனிமே எல்லா வண்டியும் ஒண்ணுதான் மேரி” என்றார் மாமா. “உனக்குப் புடிச்சது இது. இதையே எடு.”

ஸ்வாதி முன் சீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன நிறம் என்றுகூட அவள் கேட்கவில்லை. அக்காதான் திரும்பும் வழியில் வெள்ளை என்றாள். புக்கிங் அக்கா பேரில் போட்டோம். கிளட்ச் இல்லாத வண்டி, அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு என்று ஆனது. ஆட்டோக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

திங்கட்கிழமை மாமா ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே போய் மேனேஜர் முன்னால் நின்று, எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். டெஸ்ட் வரும்வரை காத்திருக்கவில்லை. கார்த்திகையிலிருந்து தான் பச்சை ஒட்டி அனுப்பியவற்றில் இன்னும் கம்பெனி யார்டை விட்டுப் போகாமல் இருப்பதையெல்லாம் வேறு ஆளை வைத்துக் கேட்கச் சொன்னார். அந்த வேறு ஆள், அவரிடமே வேலை கற்றுக்கொண்ட சௌந்தரராஜன். என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

கியர் பாக்ஸ்களைத் திரும்பக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சுற்றவிட்டார்கள். சௌந்தரராஜன் உள்ளே உட்கார்ந்து கேட்க, மாமா கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டே இருந்திருக்கிறார். கேன்டீனுக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. பெரும்பாலானவை தேறிவிட்டன. தேறாத ஒன்று வந்தபோது சௌந்தரராஜனுக்குத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்க்கவே மனசு வரவில்லையாம். மாமாவே கதவைத் திறந்து உள்ளே வந்து, தான் ஒட்டிய பச்சையை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, சிவப்பை வாங்கித் தன் கையாலேயே ஒட்டினாராம். பிறகு அடுத்ததைப் போடச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாராம்.