தாணேயில் திறக்காத சிடி

சுடலைமுத்து அண்ணா போய்விட்டார். மாரடைப்பாம்… காலையில் அவர் மகள் போன் செய்தாள்.

மும்பை செம்பூரில் எங்கள் ஹாஸ்பிடலில் எம்ஆர்ஐ டெக்னீஷியனாக இருந்து, போன வருடம் ரிடையர் ஆனவர். திருநெல்வேலிக்காரர், வீடு தாராவியில். நான் அதே ஹாஸ்பிடலில் ஐ.டி. செக்‌ஷன்.

மிஷினுக்குள் படுக்கப் பயப்படுகிறவர்களிடம் மைக்கில் பேசிக்கொண்டே இருப்பார். "இன்னும் நாலே நிமிஷந்தான் தாயி, கண்ணை மூடிக்கோங்க. வெளிய வந்ததும் அரைக் கிளாஸ் கட்டிங் சாய் வாங்கித் தாரேன்."

அப்படி அவர் ஸ்கேன் எடுத்த ஒரு அக்கா… தாராவியில் தோல் பை தைக்கிறவர். மூளையில் கட்டி, பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆபரேஷன் தாணேயில் ஒரு பெரிய ஹாஸ்பிடலில்.

ஸ்கேன் படங்களைப் பதிந்து நாங்கள் கொடுத்த சிடி அங்கே திறக்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணா சிடியோடு என் மேஜைக்கு வந்தார். போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று திறந்தது. "நம்ம சைடு ஓகே அண்ணா. அவங்க சாஃப்ட்வேர்தான் பிராப்ளம்."

"அவனுவளும் அதையேதான் சொல்லுதானுவ, தங்கச்சி. அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் போவும்?"

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன் அண்ணா, பார்ப்பாங்க" என்று ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெயில் எதுவும் போடவில்லை.

அந்த அக்கா இன்னொரு தடவை மிஷினுக்குள் போகவே மாட்டேன் என்று வீட்டோடு இருந்துவிட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அண்ணா அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். கடைசியில் லீவு போட்டு தாணேக்குக் கூடவே போய், ஸ்கேன் முடியும்வரை அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் மட்டும் பார்வை திரும்பவில்லை… தாமதத்தாலா என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை.

அண்ணா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போல "சாப்ட்டாச்சா தங்கச்சி?" தான்.

அவர் ரிடையர் ஆன பிறகுதான் கம்பெனிக்கு எழுதினேன். எங்கள் சாஃப்ட்வேர் படங்களைத் தன் சொந்த முறையில் சுருக்கி எழுதுகிறதாம். எல்லா ஹாஸ்பிடலும் படிக்கிற பொது ஃபார்மட்டுக்கு மாற்ற ஒரே ஒரு செட்டிங்… இருபது நிமிஷ வேலை.

இப்போது தாணே, கோபர்கைரனே, எங்கே கொண்டுபோனாலும் எங்கள் சிடி திறக்கிறது. அண்ணாவிடம் சொல்ல எத்தனையோ தடவை நம்பரை எடுத்தேன். சொன்னால் அந்த மெயிலையும் சொல்ல வேண்டுமே… வைத்துவிடுவேன்.

அன்றைக்கு நான் மெயில் போடவில்லை அண்ணா. பொய் சொன்னேன்.

போய் வாருங்கள்.