ஏழாவது படம்

சுப்பிரமணி எந்த ஒயரையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். ஸ்பீக்கரில் சொருகியிருக்கும் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பார். அங்கிருந்து பின்னோக்கி, விரலை எடுக்காமல், ஒயர் போகிற வழியெல்லாம் போவார். பெஞ்சுக்கு அடியில் குனிவார், பந்தல் காலைச் சுற்றுவார். யாராவது ஒயர்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், அவர்களாக எழுந்திருக்கும்வரை ஒன்றும் சொல்லாமல் அங்கேயே நிற்பார். ஆம்ப்ளிஃபயரில் போய் முட்டிய பிறகுதான் விரல் விடும்.

லேப்டாப் கைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். பெட்டிகளைக் கோடுகள் இணைக்கும். அந்தக் கோடுகளையும் விரலால் தடவித்தான் பார்ப்பார். திரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்குத் தடம். "ஒயரே இல்லாத பொட்டியில இன்னாத்த தடவிப் பாக்கறீங்க?" என்று அவர் மனைவி பச்சையம்மாள் கேட்காத நாளில்லை.

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கடலை விளைகிற மானாவாரி நிலம் அவர்களுடையது. அதை அண்ணனிடம் விட்டுவிட்டு, எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை வந்து ஒரு சந்துக்குள் மைக் செட் கடை போட்டார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், எல்லாம் பார்த்தாயிற்று. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரர், அவருடைய ஊரில் நாடகங்களுக்கு ஒளியும் ஒலியும் போட்டவர், ஒருநாள் இவரிடம் ஸ்பீக்கர் எடுக்க வந்தார். வந்தவர் சிநேகிதராகி, ஊர் திரும்பும்போது தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள்தான் அந்தப் பெட்டிகளும் கோடுகளும் இருந்தன. மேடையில் சத்தம் வந்தால் ஒரு பெட்டிக்குள் நுழையும், கோடு வழியாக அடுத்ததற்குப் போகும், அது எண்ணும், எண்ணி முடித்ததும் திரையில் படம் மாறும். கம்ப்யூட்டர் படித்த பையன்களே அதைப் பார்த்து மிரண்டார்கள். சுப்பிரமணிக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் அது மைக்கும் மிக்ஸரும் ஆம்ப்ளிஃபயரும் மாதிரியே அவருக்குத் தெரிந்தது. பெட்டிகளுக்குத் தானே பேர் வைத்தார். சத்தம் நுழையும் பெட்டி 'காது'. எண்ணுகிற பெட்டி 'எண்ணி'. சத்தம் எவ்வளவு வருகிறது என்று ஆடிக்காட்டும் பெட்டி 'முள்'.

பள்ளிக்கூட வாத்தியார் புகழேந்தி நடத்திய நாடகக் குழுவுக்கு அதைக் கொண்டுபோனது 2006இல். ஏரி உடைகிற கதை. பதினொரு படம். குழுவின் பறைக்காரன் ராஜா மூன்று அடி ஓங்கி அடித்தால் படம் மாறவேண்டும் என்றார் புகழேந்தி. மாறியது. ராஜா பக்கத்தில் ஒரு மைக். அதிலிருந்து வரும் ஒயர் அவன் காலடியில் இரண்டாகப் பிரியும்: ஸ்பீக்கருக்கு ஒன்று, லேப்டாப்புக்குப் பச்சை டேப் ஒட்டிய மெல்லிய ஒயர் ஒன்று. ஒத்திகை பார்த்தவர்கள் எல்லாம் பறையடித்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

ஏரி மதகில் நின்று ஊரைக் கூப்பிடுகிற பெண்ணாக ஜோதியம்மாள். சத்துணவுக்கூடத்தில் வேலை, அறிவொளி எழுத்தறிவு இயக்க நாளிலிருந்து தெருநாடகம் ஆடுகிறவர். ஒருநாள் ஒத்திகையில் ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜோதியம்மாள் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார், நிதானமாக. சுப்பிரமணி அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை ஜோதியம்மாளும் பார்த்துவிட்டார்.

மறுநாள் ஆள் இல்லாத நேரமாகக் கடைக்கு வந்தார்.

"தெரிஞ்சிடுச்சில்ல உனுக்கு? புகழு கிட்ட சொல்லிடாத. சொன்னா என்னை உள்ள உக்காத்தி வச்சிப் புடவை மடிக்கச் சொல்லிடுவான். பேசறவங்க வாயைப் பாத்துப் பேசிக்குவேன். மேளந்தான் காதுல ஏறமாட்டங்குது. அது உம் படத்தைப் பாத்து ஆடிக்கிறேன்."

சுப்பிரமணி அவர் பார்க்கும்படி வாயை மெதுவாக அசைத்து, "படம் தப்பா வராதுக்கா" என்றார்.

அந்த வாக்குக்குள் என்னென்ன இருந்தது என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாடகத்தில் மதகு என்பது பலகை அடித்த ஐந்தடி உயர மேடை. ஐந்தாவது படத்தில் ஏரியில் தண்ணீர் ஏறும். ஜோதியம்மாள் இடது விளிம்புக்கு வருவார். ஆறாவது படம் இருட்டில் மழை. கண்ணை மூடிக் கைகளை விரிப்பார். ஏழாவதில் கரை உடையும். சிவப்பு வெளிச்சம் முகத்தில் அறையும், மூடிய இமைக்குள்ளும் தெரிகிற சிவப்பு. அந்தக் கணம் அவர் குதிக்கவேண்டும். கீழே இரண்டு பேர் நின்று கையில் ஏந்திக்கொள்வார்கள். எல்லோரும் அவர் பறைக்குக் குதிப்பதாக நினைத்திருந்தார்கள். சுப்பிரமணிக்கு மட்டும் தெரியும், அவர் வெளிச்சத்துக்குக் குதிக்கிறார் என்று. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

அடி அண்ணாமலையில் நாடகம், மாசி மாதம் ஒரு ஞாயிறு, விளக்கு வைத்த நேரம். கருங்கல் பாவிய திடல். கிரிவலப் பாதையில் போனவர்களும் ஒதுங்கி உட்கார்ந்ததில் கூட்டம் ஜாஸ்தி. சுப்பிரமணியின் மேசை கூட்டத்துக்குப் பின்னால் கடைசியில் இருந்தது. புரொஜெக்டரை நடுவில் மூங்கில் கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்தார்கள். மேசைக்கும் மேடைக்கும் இடையில் கால் வைக்க இடமில்லாமல் தலைகள்.

நான்கு படம் சுத்தமாக வந்தது. நான்காவது முடிவதற்குள் திடலின் ஓரத்தில் கார் வந்து நின்றது. திடலுக்கு ஏற்பாடு செய்து கொடுத்த பெரிய மனிதர். வரமாட்டார் என்று சொல்லியிருந்தார்கள், வந்துவிட்டார். பெரிய மனிதர் வந்தால் எது நடந்துகொண்டிருந்தாலும் நிற்கும். சால்வை போர்த்தவேண்டும். புகழேந்தி கையைக் காட்ட, நடிகர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். ஜோதியம்மாள் மதகின் நடுவில், திரையைப் பார்த்தபடி நின்றார்.

விழாக்குழுக்காரர் ஒருவர் மைக்கைத் தேடினார். கைக்கு எட்டியது ராஜாவின் பறை மைக்தான். ஸ்டாண்டோடு தன் பக்கம் இழுத்தார். விரலை மடக்கி அதன் தலையில் தட்டினார்.

டொக். டொக். டொக்.

ஐந்தாவது படம் வந்தது.

சுப்பிரமணி திரையை விட்டு அந்த மைக்கைப் பார்த்தார். பதினேழு வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறார். மைக்கைப் பிடித்த ஒவ்வொரு ஆளும், மாப்பிள்ளையின் மாமாவாகட்டும் கட்சிக்காரராகட்டும், அதை மூன்று தரம் தட்டாமல் வாயைத் திறந்ததில்லை. இரண்டு தட்டினவன் கிடையாது, நான்கு தட்டினவன் கிடையாது. தட்டாதீங்க, தட்டாதீங்க என்று அவரே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். அதே மூன்றைத்தான் எண்ணியில் போட்டு வைத்திருந்தார்.

ஜோதியம்மாள் திரையைப் பார்த்தார். இடது விளிம்புக்கு நடந்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

விழாக்குழுக்காரர் வரவேற்றுவிட்டு, குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து சால்வை போர்த்தவேண்டும் என்றார். ஏந்திப் பிடிக்க நின்ற இரண்டு பேரும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் கருங்கல் மட்டும் பளபளத்தது. அடுத்து பெரிய மனிதர் மைக்கை வாங்கினார். மூன்று தட்டு.

ஆறாவது படம். திரை இருண்டு மழை விழுந்தது. ஜோதியம்மாள் கண்ணை மூடிக் கைகளை விரித்தார்.

இனி ஒரே ஒருவர் தட்டினால் போதும்.

கத்தலாம். கேட்கவேண்டியவருக்குக் கேட்காது. ஓடலாம்; தலைகளை மிதித்துக்கொண்டு ஓடவேண்டும். லேப்டாப்பை மூடினால் புரொஜெக்டர் பளீரென்று நீல வெளிச்சத்தைக் கக்கும். மூடிய கண்ணுக்கு நீலமென்ன சிவப்பென்ன. பின்பக்கம் சொருகியிருக்கும் ஒயரைப் பிடுங்கினாலோ லேப்டாப் தன்னுடைய மைக்கைத் திறந்துகொண்டு, பக்கத்தில் இருக்கிறவன் கைதட்டலை எண்ண ஆரம்பித்துவிடும். ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. திரைக்குள் இருக்கும் கோட்டைத்தான் அறுக்கவேண்டும். காதிலிருந்து எண்ணிக்குப் போகிற கோடு.

காதிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பின. கொஞ்ச தூரம் ஒட்டியே போய்ப் பிரிந்தன. விரலை வைத்துப் பார்க்க நேரமில்லை. கண்ணால் பார்த்தார். ஒன்றைத் தொட்டார். அழித்தார். ஆடிக்கொண்டிருந்த முள் சட்டென்று படுத்துவிட்டது. காது அறுந்தது என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பெரிய மனிதர் பேசினார். நடுவில் திரும்பிப் பார்த்து, "பாவம், அந்தம்மா கை வலிக்க நிக்கிறாங்க, ரெண்டே வார்த்தையில முடிச்சுக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு ஏரிகள் பற்றியும் தன் பெரியப்பா தூர் வாரியது பற்றியும் பேசினார். ஜோதியம்மாளின் இடது கை லேசாக நடுங்கியது. இறங்கவில்லை. சிரித்த முன்வரிசை சிரிப்பை விட்டுவிட்டு அவரையே பார்க்க ஆரம்பித்திருந்தது. பேசுகிறவரை யாரும் பார்க்கவில்லை.

ஒருவழியாக முடித்து மைக்கை நன்றியுரைக்காரரிடம் நீட்டினார். அவர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். விரலை மடக்கினார்.

டொக்.

சுப்பிரமணி மேசை விளிம்பைப் பிடித்தார்.

டொக்.

டொக்.

திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. ஏழாவது படம் வரவில்லை.

நன்றியுரை என்ன சொன்னது என்று அவருக்கு நினைவில்லை. மொத்தம் பதினொரு நிமிஷம் ஜோதியம்மாள் கைவிரித்து நின்றார் என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். கார் கிளம்பியதும் ராஜா கூட்டத்துக்கு மேலாகச் சுப்பிரமணியைப் பார்த்தான். சுப்பிரமணி ஆறு விரல் காட்டினார். ராஜா புகழேந்தியின் காதில் ஏதோ சொல்ல, ஐந்தாவதை விட்டுவிட்டு நேராக ஆறாவதிலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. ஏந்துகிற இரண்டு பேரும் இடத்துக்கு வந்தார்கள். ராஜா மூன்றடி அடித்தான். படம் மாறவில்லை. மாறாது என்று தெரிந்தே அடித்தவன் மாதிரி கையை நிறுத்திக் காத்திருந்தான். சுப்பிரமணி இரண்டு பேரின் நான்கு கைகளும் விரிந்திருப்பதை எண்ணிப் பார்த்தார். பிறகு, படத்தைக் கையால் மாற்றுகிற ஸ்பேஸ் பட்டனை அழுத்தினார்.

சிவப்பு அடித்தது. ஜோதியம்மாள் குதித்தார். நான்கு கைகளில் விழுந்தார்.

மிச்சம் நான்கு படத்தையும் கையாலேயே போட்டு முடித்தார். கூட்டம் கலைந்த பிறகு ஜோதியம்மாள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே மேசைக்கு வந்து, ஆறாவது படம் இன்றைக்கு ஏன் அத்தனை நீளம் என்று கேட்டார். கண்ணைத் திறந்து பார்த்தீர்களா என்று சுப்பிரமணி கேட்டார்.

"எதுக்குத் தெறக்கணும்? படம் நீதான போடற" என்றார்.

சுப்பிரமணி ஒயர் சுற்றக் குனிந்தார். மேடைப்பக்கத்து ஒயரையெல்லாம் ராஜா ஏற்கெனவே சுற்றி வைத்திருந்தான். வழக்கமாகச் செய்கிறவனில்லை.

மறுநாள் காலையில் கடையில் லேப்டாப்பைத் திறந்தார். அறுத்த கோட்டை மறுபடி போடவேண்டும். விரலை எண்ணியில் வைத்துப் பின்னோக்கி இழுத்தார். விரல் தடையில்லாமல் போய்க் காதில் முட்டியது. மறுபடி இழுத்துப் பார்த்தார். அறுந்திருந்தது முள்ளுக்குப் போகிற கோடு. எண்ணிக்குப் போகிற கோடு முழுசாக இருந்தது, நேற்று முழுக்க இருந்திருக்கிறது. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். நன்றியுரைக்காரர் தட்டிய மூன்று டொக்கும் ஏன் எண்ணப்படவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. மைக்கைக் கொண்டுவந்து தானே தட்டித் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் படம் மாறியது.

விடை கிடைக்க அடுத்த ஆடி மாதம் ஆயிற்று. வேறொரு ஊருக்கு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். ஜோதியம்மாள் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். ராஜா பறையை மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு வருஷமாக யக்காவுக்கு மேளம் கேட்பதில்லை, அடிக்கிற கைக்கு அது தெரியாதா என்றான். பெரிய மனிதர் மைக்கைத் தட்டி ஆறாவது படம் வந்ததுமே, லேப்டாப்புக்குப் போகிற பச்சை டேப் ஒட்டிய ஒயரை, மேடைப்பக்கத்து முனையில், அவன் கால் கட்டைவிரலால் பிடுங்கிவிட்டிருந்தான்.