ஆல்டித் மறுத்த பிணம்

ஆல்டித்தை எனக்குப் பிடிக்காது. பீர் காய்ச்சி விற்றுப் பிழைத்தவள். அதை வாங்கிக் குடித்துக்கொண்டே அவளை ஏசுவது எங்கள் ஊர் வழக்கம்.

காரணம், அவள் தம்பி லியோஃப்வின். எங்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிரெஞ்சுத் துரைகளிடம் வேலைக்குப் போனவன், அவர்கள் மொழியைக் கற்று, பெயரை ரெனோ என்று மாற்றிக்கொண்டு, எங்களிடமே சாட்டையோடு வரி பிடுங்க வந்தான். வரிக்கும் வழக்குக்கும் சிறைக்கும் இன்று எங்கள் வாயில் புரளும் சொல்லெல்லாம் அவர்களுடையதுதான். ஆசைப்பட்டு யாரும் கற்கவில்லை, அடித்துப் புகட்டினார்கள். சேற்றுக்கும் பசிக்கும் மட்டும் எங்கள் பழைய சொற்களை விட்டுவைத்தார்கள், பாவிகள்.

அந்த ரெனோ ஒருநாள் ஓடைக்கரையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான்.

ஊர் எல்லையில் கொலைப் பிணம் கிடந்தால் அது பிரெஞ்சுக்காரனின் பிணம் என்பதுதான் சட்டம். கொன்றவனைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் ஊரே தண்டம் கட்ட வேண்டும். செத்தவன் இங்கிலீஷ்காரன் என்று, ஊரார் அல்ல, ரத்த சொந்தமே சத்தியம் செய்தால் தண்டம் கிடையாது. எங்கள் உயிருக்கு அவ்வளவுதான் மதிப்பு. ரெனோவுக்கு இருந்த ஒரே சொந்தம் ஆல்டித்.

ஊர்த்தலைவர் ஒஸ்காட்டோடு எல்லோரும் அவள் வாசலில் போய் நின்றோம்.

“ஆல்டித்தம்மா, நாளைக்குச் சபையில, இவன் என் கூடப்பொறந்தவன்னு ஒரு சத்தியம் பண்ணிடு. ஊரு பொழைச்சுக்கும்.”

“என் கிணத்துல செத்த பன்னியப் போட்டப்ப நான் அம்மாவாத் தெரியலையா?”

“பழசக் கிளறாத தாயி.”

“கொன்னவன் யாருன்னு சொல்லு. சத்தியம் பண்றேன்.”

ஒஸ்காட் தலைகுனிந்தார். கொன்ற அவர் மகன் எங்கள் நடுவில்தான் நின்றிருந்தான். அவனை மறைத்தபடி நெருங்கி நின்றோம்.

மறுநாள் சபையில் நீதிபதி பிரெஞ்சில் கேட்டார். மொழிபெயர்ப்பவன் வாயெடுக்கும் முன்பே ஆல்டித் சிலுவையைத் தொட்டு, பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். தம்பி சொல்லிக்கொடுத்திருப்பான். எங்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை.

“செத்தவர் எனக்குச் சொந்தமில்லை, யாரோ பிரெஞ்சுத் துரை என்கிறாள்” என்றான் மொழிபெயர்ப்பவன்.

“பொய்! ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தது!” ஒஸ்காட் கத்தினார். ஊர்ச் சாட்சி செல்லாது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

எங்கள் உழவுமாடுகளெல்லாம் தண்டத்துக்குப் போயின.

“நாசமாப் போவ, திருப்திதானடி?” என்று வழியில் அவள் முகத்தில் துப்பினேன்.

“ரொம்ப” என்று துடைத்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரன் என்று தீர்ப்பானதால் ரெனோவைத் துரைகளின் கோட்டைக்குள்ளேயே புதைத்தார்கள். பிணத்தின் கூடவே ஓடிய ஆல்டித்தை வாசலில் காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான்.

“சொந்தக்காரங்க மட்டுந்தான் உள்ள போகலாம். நீ அவருக்கு யாரு?”

அவள் வாயைத் திறந்தாள், சிலுவையைத் தொட்ட கையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். உள்ளே மண் தள்ளும் சத்தம் அடங்கும்வரை அங்கேயே நின்றாள். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.