எரிகிறவளுக்கு ஒரு குளிர்த்தி

போன சனிக்கிழமை ஓர் ஓவியத்தை அழிக்கப் போயிருந்தேன். ஆம், நானேதான். வாராவாரம் இந்த இடத்தில் கலையைப் பற்றி உங்களிடம் நீட்டி முழக்குகிறவன்!

மட்டக்களப்பில் எங்கள் தெரு முடிந்து வாவி தொடங்குகிற இடத்தில் சனசமூக நிலையம் இருக்கிறது. அதன் பக்கச் சுவரில் நிலானி என்ற பெண் மூன்று வாரமாகப் படம் வரைந்தாள். பொப் ஆர்ட்தான் அவளுடைய துறை. பிஸ்கட் பக்கெட், சவர்க்கார உறை, மீன் டின் — எல்லாம் அவள் கையில் படமாகிவிடும். இந்த முறை எடுத்துக்கொண்டது பெரிய விஷயம். ஸ்பெயினில் குண்டு போட்டு அழித்த ஓர் ஊரைப் பற்றி, உலகமே அறிந்த அந்தக் கறுப்பு வெள்ளை ஓவியம்.

அதை இவள் ஐஸ்பழ நிறங்களில் போட்டிருந்தாள். அலறும் குதிரை இருந்த இடத்தில் ரோஸ் நிற எருமை. செத்த பிள்ளையை ஏந்திய தாய்க்குப் பூப்போட்ட நைட்டி. எரியும் வீட்டிலிருந்து கைகளை உயர்த்திக் கதறும் பெண், மாம்பழ மஞ்சளில், ஆளுயரத்துக்கும் மேலே.

நிலையத்தின் நிர்வாகக் குழு கூடியது; நானும் அதில் ஓர் உறுப்பினன். "சண்டையில செத்த சனத்தைப் பகிடி பண்ணின மாதிரி இரிக்கு" என்றார் தலைவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. துக்கம் என்றால் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? யாருமில்லை... ஆனாலும் படத்தை அழிக்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை வெள்ளையடிப்பு என்று முடிவானது.

அன்று காலை நிலானி சண்டை பிடிக்கவில்லை. "அண்ணன், அந்த எரியிற ஆள் என்ட பெரியம்மா. ஷெல் விழுந்து வீட்டோட போனவ. மஞ்சள் சீலை எண்டா அவக்கு உசிர்" என்று மட்டும் சொன்னாள். நிறுத்திவிடலாமா என்று கேட்கத் தலைவர் பக்கம் திரும்பினேன். ஆனால், போட்ட கையெழுத்தை எப்படித் திரும்பப் பெறுவது? கௌரவப் பிரச்சினை அல்லவா?

அப்போதுதான் தங்கமணி அக்கா வந்தார். அந்தச் சுவரோரம் தினமும் மீன் விற்கிறவர். கையில் கூடை இல்லை. ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலைக் கொத்தும்தான். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள்.

எங்கள் பக்கத்தில் வைகாசி வந்தால் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி செய்வோம். மதுரையை எரித்த கோபம் ஆறவேண்டுமே! சுவரில் எரிகிறவளையும் அக்கா அம்மன் என்றே முடிவு செய்துவிட்டார்.

"அக்கா, இது அம்மன் இல்ல. வெள்ளைக்காரன்ட படம்" என்று தலைவர் தடுத்தார்.

"ஆரா இருந்தா என்ன தம்பி? ஒரு கிழமையாப் பாக்கன், எரிஞ்சிக்கிட்டே நிக்கிறா. ஒருத்தரும் தண்ணி காட்டல்ல. நாங்க குளிர்த்தி பண்ணிட்டுப் போறம். மறுகா, ஏலுமெண்டா வெள்ளையடிங்க."

வேப்பிலையைத் தோய்த்துத் தெளித்தார். மற்றப் பெண்கள் குளிர்த்திப் பாட்டை எடுத்தார்கள். வெள்ளையடிக்க வந்தவர் பிரஷைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தலைவரும் கழற்றினார். நான் கொஞ்சம் பிந்தித்தான் கழற்றினேன்.

குளிர்த்தி கண்ட சுவரில் வெள்ளையடிக்க எங்கள் ஊரில் யாருக்குத் துணிவு வரும்? நிலானி அழுதாள், சிரித்தாள், தங்கமணி அக்காவைக் கட்டிக்கொண்டாள். படம் தப்பியது. அவள் பெரியம்மாவும்தான்.

மூல ஓவியத்தின் முன்னால் எத்தனையோ பேர் கைகட்டி நின்றிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்குச் சுடுமே என்று தண்ணீர் கொண்டுபோனவர் உண்டா? எங்கள் ஊரில் உண்டு. சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட்? நிலையத்தின் கழிவறைக்கு அடித்தோம். அதாவது... நான் அடித்தேன்.