வெள்ளைக்காரியும் துவேசமும்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் ஊழியர் சாப்பாட்டு அறையில் இரண்டு மேசைகள் இருக்கின்றன. நீள மேசையில் எல்லோரும் இருப்பார்கள். யன்னலோரத்துச் சின்ன மேசை என்னுடையது. அங்கே போய் இரு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நீள மேசையில் நான் போய் இருந்தால் கதை ஒரு கணம் நின்றுவிடும். பிறகு எனக்காகக் கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்துத் தொடங்குவார்கள். நான் டென்மார்க்குக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அந்த மெதுவான டேனிஷைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தான் யன்னல் பக்கம் போனேன். போனவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் தவறிய பிறகு ஹொல்ஸ்டெப்ரோ என்ற இந்த ஊரில் எனக்கென்று இருப்பது ஒரு வீடும் ஒரு காரும். மகன் கோபன்ஹேகனில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். நான் தமிழில் கேட்பேன், அவன் டேனிஷில் பதில் சொல்வான்.

அந்தச் சின்ன மேசைக்கு இரண்டாவது ஆளாக வந்தவள் ஒரு வெள்ளைக்காரி. என்னைவிடச் சில வயது இளையவள். விவாகரத்தான பிறகு, கோபன்ஹேகனுக்குப் பக்கத்திலுள்ள இஷொயிலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். எங்கள் பக்கத்து மேற்கு யூலாந்து ஆட்களுக்குக் கோபன்ஹேகன் பேச்சு என்றாலே பகிடி. அவள் வாயைத் திறந்தால் நீள மேசையில் யாராவது அதை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்டுவார்கள். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு நாள் தன் ரொட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"இஞ்ச ஆராவது இருக்கினமோ?" என்றாள். அவள் கதைத்தது டேனிஷ்தான். எனக்குக் கேட்ட மாதிரி எழுதுகிறேன்.

"இல்லை, இரு."

அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம். அதிகம் கதைத்தோம் என்று சொல்ல முடியாது. அவள் கருப்பு ரொட்டியைச் சாப்பிடுவாள், நான் புட்டைச் சாப்பிடுவேன், இரண்டு பேரும் வெளியே கார்த் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த இலையுதிர் காலத்தில் இல்லத்துக்கு ஒரு முதியவர் புதிதாக வந்தார். கீழ்த்தளம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. முதல் நாள் காலை அவருக்குச் சட்டை மாற்றிவிடப் போனேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உந்தக் கறுத்தக் கையாலை என்னைத் தொடாதை. எங்கட ஆள் ஒண்டைக் கூப்பிடு."

இந்த வேலையில் இப்படிக் கேட்பது புதிதல்ல. நினைவு தப்பியவர்கள் எதையும் சொல்வார்கள். வெளியே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் மறந்திருப்பார்கள், சிரிப்பார்கள். ஆனால் இந்த மனிதருக்கு நினைவு நன்றாக இருந்தது. அந்தக் கிழமையே அவருடைய மகள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் பொறுப்பாளருடன் கதைத்தாள். அவள் போன பிறகு பொறுப்பாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"உன்னை மேல்தளத்துக்கு மாத்திறன். இது உன்ர நன்மைக்குத்தான். உன்னை நாங்கள் பாதுகாக்க வேணும்."

"நான் பாதுகாப்புக் கேக்கேல்லையே."

பொறுப்பாளர் தலையைச் சரித்து, பாவம் என்பது போலப் பார்த்தார். அவ்வளவுதான். கீழே எனக்குப் பழக்கமான ஒரு மூதாட்டி இருந்தார். நான் பக்கத்தில் இருந்தால்தான் காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிப்பார். அவரைப் பற்றி நான் சொல்ல வாயெடுக்க முதல் கதை முடிந்துவிட்டது. என் இடத்துக்குக் கீழ்த்தளத்தில் போடப்பட்டவள், என் மேசையில் இருந்த அந்த வெள்ளைக்காரி.

அடுத்த ஊழியர் கூட்டத்தில் பொறுப்பாளர் பெயருக்கு அந்த விடயத்தை எடுத்தார். "ராசிஸ்மெ பற்றி ஆராவது கதைக்க விரும்புறியளோ?" என்று கேட்டார். துவேசத்துக்கு அவர்களுடைய சொல் அது. எல்லோரும் கோப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள். அப்போது அந்த வெள்ளைக்காரி சொன்னாள்: "எனக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு தெரியும். எனக்கும் நடந்திருக்கு."

யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. எனக்கு வந்தது சிரிப்பல்ல, கோபம். என் தளத்தை எடுத்தாய், இப்போது என் நோவையும் எடுக்கிறாயா என்று மனதுக்குள் கேட்டேன். அன்று மத்தியானம் எதிரே இருந்தவளை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. அந்த மாதம் என் கார் பழுதாகிக் கராஜில் நின்றது. பஸ்ஸுக்கு மழையில் நின்ற என்னைக் கண்டு அவள் தன் காரை நிறுத்தினாள். ஏறினேன். கொஞ்சத் தூரம் போன பிறகு நானே கேட்டேன்.

"உனக்கு என்ன நடந்தது?"

அவள் வீதியைப் பார்த்தபடியே சொன்னாள். இஷொயில் அவள் இருந்த கட்டடத்தில் பல நாட்டு ஆட்கள், கூடுதலாக முஸ்லிம்கள், இருந்தார்களாம். அவளுடைய படிக்கட்டைப் பாவிக்கும் வீடுகளில் டேனிஷ் குடும்பம் என்றால் அவளுடையது மட்டும். நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை இருந்தது. அவளிடம் ஒரு நாய் இருந்தது. அவள் உடுப்புகளை எடுத்த பிறகு, அடுத்து வரும் பெண்கள் மெஷினை வெறுமையாக, கொதிநீரில் ஒரு தரம் ஓடவிட்டுத்தான் தங்கள் உடுப்பைப் போடுவார்களாம்.

"முதல் தரம் மெஷின் பழுது எண்டு நினைச்சன். பிறகு விளங்கிச்சுது. எனக்கு முன்னாலையே செய்வினம். சிரிச்சுக்கொண்டு வணக்கம் சொல்லுவினம், சொல்லிக்கொண்டே பொத்தானை அமத்துவினம்."

"நாய்க்காகச் செய்திருப்பினம். அது அவையளின்ர சமயம்."

"நாய் செத்த பிறகும் செய்தவை," என்றாள். "மகளைச் சின்னனிலை பள்ளிக்கூடத்திலை பண்டி தின்னி எண்டு கூப்பிடுவாங்கள். அவள் இறைச்சியே தின்னாதவள்."

எனக்கு அந்த மெஷின் நன்றாக விளங்கியது. சாதி பார்த்துச் சிலரைக் கிணற்றில் அள்ள விடாமல், தேத்தண்ணியை வேறு தகரப் பேணியில் வார்த்துக் கொடுத்த ஊர்க்காரி நான். சிரித்துக்கொண்டே அதைச் செய்யலாம் என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

அந்த ஞாயிறு மகனிடம் கேட்டேன். "தம்பி, வெள்ளைக்காரருக்கும் துவேசம் நடக்குமோ?"

அவன் படித்தவன். டேனிஷில் நீளமாக விளக்கினான். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் செய்வதுதான் ராசிஸ்மெ, மற்றது வெறும் பாகுபாடு என்றான்.

"அப்ப அவளுக்கு நடந்ததுக்கு என்ன பேர்?"

"அது கவலைக்குரிய விசயம், அம்மா," என்றான்.

அவன் சொன்னது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு வீடு வழமையைவிட அமைதியாக இருந்தது.

அடுத்த மாதம் கணவரின் தங்கையின் மகள் வயதுக்கு வந்ததற்குப் பிராண்டே என்ற ஊரில் சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். வெள்ளைக்காரி அதைப் பற்றிக் கேட்டு, தானும் வரலாமா என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலிலேயே மச்சாள் என்னைத் தோளில் பிடித்து ஒதுக்கினாள்.

"மச்சாள், ஆர் உந்த வெள்ளைச்சி?"

"என்னோடை வேலை செய்யிறவ."

"ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமெல்லோ. இனி அவவுக்கு உறைப்பில்லாமல் என்னத்தைக் குடுக்கிறது?"

அவளை மண்டபத்தின் ஓரத்தில் ஒரு வட்ட மேசையில் இருத்தினார்கள். வெறும் சோறும் தயிரும் முள்ளுக்கரண்டியும் வந்தன. என்னைக் குடும்பப் படத்துக்கு மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேடையிலிருந்து பார்த்தேன். பத்துப்பேர் இருக்கக்கூடிய மேசையில் அவள் தனியே, முதுகை நிமிர்த்திக்கொண்டு, போகிற வருகிற எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் சிலர் போய் அவளோடு டேனிஷில் கதைத்தார்கள். தாய்மார் தமிழில் கூப்பிட்டதும் ஓடிப்போனார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அண்ணை சிரித்தார்.

"இருக்கட்டும் பிள்ளை. ஒருநாள் எண்டாலும் எங்களை மாதிரி இருந்து பாக்கட்டும்."

அதற்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை. வருடக்கணக்காகத் தொழிற்சாலைகளில் தனியே இருந்து சாப்பிட்டவர்கள். நான் கீழே இறங்கி, என் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன்.

திரும்பி வரும்போது வழி முழுக்கக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பாதி வழியில் அவள் கேட்டாள்.

"ஒரு சொல் திரும்பத் திரும்பக் கேட்டுது. வெல்லச்சி. அது என்ன?"

"வெள்ளை நிறப் பொம்பிளை."

"அவ்வளவுதானோ?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். "இல்லை. கொஞ்சம் குறைவாத்தான் அப்பிடிச் சொல்லுவினம்."

"நன்றி," என்றாள். "இஷொயிலை நான் கேட்டால் ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவினம். எனக்கு விசராக்கும் எண்டு நானே நினைக்கத் தொடங்கியிட்டன்."

அவளைத் தேற்ற ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறொன்றுதான் வாயில் வந்தது.

"ஒண்டு சொல்லுறன். அந்த மண்டபத்தாலை வெளிய வந்த உடனை உனக்கு அது முடிஞ்சுது. எனக்கு வெளிய வந்த பிறகுதான் தொடங்கும்."

அவள் வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியபோது சொன்னாள்.

"தெரியும். திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறது உன்ர தளத்துக்கு."

திங்கட்கிழமை அவள் பொறுப்பாளரின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. கோப்பி அறையில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என்ர தோலுக்காக ஒரு இடம் தந்தால் நான் எடுக்க மாட்டன். அவளைக் கீழ விடுங்கோ. இல்லாட்டி நானும் போறன்."

பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், கூட்டங்கள் நடந்தன. ஆட்கள் குறைவான காலம் என்பதால் கடைசியில் அவளை மேலே மாற்றி, என்னைக் கீழ்த்தளத்துக்குத் திரும்ப விட்டார்கள். அந்த முதியவரின் அறைக்கு மட்டும் மேல்தளத்திலிருந்து வேறு ஆள் வரும் என்று ஏற்பாடு. அவருடைய மகள் வரும்போதெல்லாம், நான் சுவரில் தொங்கும் திரைச்சீலை என்பது போல என்னைக் கடந்து போனாள். எனக்குப் பழக்கமான மூதாட்டியிடம் கஞ்சிக் கோப்பையோடு போனேன். அவர் என்னை மறந்திருந்தார். "நீ புதுசோ?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தேன். கஞ்சி ஆறிப்போனது.

அவளுக்கு நடந்தது வேறு. அதற்குப் பிறகு நீள மேசையில் யாரும் அவளைப் போல இழுத்துக் கதைத்துக் காட்டவில்லை. அவளோடு கதைக்கவுமில்லை. எங்களுக்குப் பாடம் எடுக்கக் கோபன்ஹேகனிலிருந்து வந்துவிட்டாள் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஊழியர்களுக்குக் கேக் வெட்டும்போது அவளை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் நிறம்தான் அவளுக்கும்.

வசந்தம் வந்ததும், தான் இஷொய்க்கே திரும்பிப் போவதாகச் சொன்னாள். நான் திகைத்துப்போனேன்.

"அங்கையோ? மெஷினைக் கழுவின ஆக்களிட்டையோ?"

"அங்க நான் ஏன் வெளியாள் எண்டு எனக்கு விளங்கும்," என்றாள். "இஞ்ச விளங்கேல்லை."

கோடையில் மகனைப் பார்க்கக் கோபன்ஹேகன் போனபோது, ஒரு பின்னேரம் எஸ்-ரயில் எடுத்து அவளிடம் போனேன். நிலையத்தில் காத்திருந்தாள். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, புல்லில் பாய் விரித்துப் பெண்கள் சிலர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வணக்கம் சொன்னாள், தலையை அசைத்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"அக்கா, எந்த நாடு?" என்று டேனிஷில் கேட்டாள். "எத்தினை பிள்ளையள்? வாங்கோ, இருங்கோ."

சின்னக் கண்ணாடிக் குவளையில் எனக்குத் தேத்தண்ணி வார்த்தார்கள். முன்பின் தெரியாத ஊரில் இப்படி யாரும் என்னை வரவேற்றதில்லை. கண் கலங்கிவிடும் போலிருந்தது. நான் அவளைக் காட்டி, "இவவுக்கும்" என்றேன். "ஓமோம்" என்று அவளுக்கும் வார்த்தார்கள், இடம் விட்டு ஒதுங்கினார்கள். ஆனால் கேள்வி எல்லாம் என்னிடம்தான். அவள் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரும் கதைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு லிப்டில் மேலே போகும்போது சொன்னாள்: "திரும்பி வந்த பிறகு அவையள் எனக்குத் தந்த முதல் தேத்தண்ணி இதுதான்."

அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை. சந்தோசமாகத்தான் சொன்னாள். அவள் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன். யன்னலைத் திறந்து வைத்திருந்தாள், கீழே அவர்கள் சிரிப்பது கேட்டது. இருட்ட முதல் மகனிடம் போக வேண்டும் என்று எழும்பினேன். நிலையம் வரை வருகிறேன் என்றாள். வழி தெரியும், நீ இரு என்று சொல்லிவிட்டுத் தனியே இறங்கினேன். புல்லில் இருந்தவர்கள் எனக்குக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.