நல்ல கத்தி

என் வீட்டுக்காரர் கத்தி பார்க்கிற நிதானத்தில் என்னைப் பெண் பார்த்திருந்தால் எங்களுக்குக் கல்யாணமே நடந்திருக்காது. தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர் அவர். முனை வளைந்த அந்தக் கத்தியை முதலில் கண்ணுக்கு நேரே பிடித்து, விளிம்பு கோணாமல் ஓடுகிறதா என்று பார்ப்பார். அலகை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பார். பிடிக்குள் இருக்கும் இரும்பு ஆடுகிறதா என்று உலுக்குவார். கடைசியில் ஒரு குச்சியை வெட்டிப் பார்ப்பார். வெட்டிய இடம் வழவழவென்று இருக்க வேண்டும். பட்டை கிழிந்தால் கிளை அழுகிவிடும், துரை கங்காணியைத் திட்டுவார், கங்காணி இவரைத் திட்டுவான். வாங்கி வந்த கத்தியை என்னைத் தொடவும் விடமாட்டார். பொம்பளை கை பட்டால் கூர் திரும்பிவிடுமாம். "சோறு மட்டும் எங்க கை பட்டா ருசிக்கும், இல்லீங்களா" என்பேன்.

அந்த வருஷம் குளிர்காய்ச்சல் அவரைக் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடத்தியது. எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். கசப்பு மருந்து குடித்துக் குடித்துக் காதில் எப்போதும் வண்டு இரைகிறது என்றார். தோட்டத்தில் தேயிலை விலை விழுந்து ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். கவ்வாத்துக்குப் பெயர் கொடுக்காத ஆம்பளையின் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டுதான், வேலையை விட்டுப் போகச் சொல்கிற சீட்டு, என்று கங்காணி குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லிப் போனான். சீட்டு வந்தால் குடியிருக்கிற காம்பராவும் போய்விடும். திரும்பிப் போக இந்தியாவில் எங்களுக்கு மிச்சமிருந்தது ஓர் ஊரின் பெயர் மட்டும். பழைய கத்தியோ தீட்டித் தீட்டி ஈர்க்காகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்கு நடந்தோம். வழி நெடுக உட்கார்ந்து உட்கார்ந்துதான் வந்தார்.

இரும்புச் சாமான் கடைக்கார முஸ்லிம் முதலாளி எங்களுக்குப் பழக்கமானவர். கத்திகளைச் சாக்கின் மேல் பரப்பினார். "நல்லாப் பாருங்க. கொற ஒண்டும் ஈக்காது."

இவர் ஒன்றை எடுத்துச் சுண்டினார். காதருகே வைத்துத் திரும்பவும் சுண்டினார். "சத்தம் செத்துக் கெடக்கு மொதலாளி." எனக்குக் கோயில் மணி மாதிரிதான் கேட்டது. ஆனால் கத்தியின் சத்தத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அடுத்த கத்தி கனமாம். அதற்கடுத்ததில் பிடி வழுக்குகிறதாம். முதலாளி பொறுமையாக ஒரு தேயிலைக் குச்சியை நீட்டினார். "வெட்டித்தான் பாருங்களே."

இவர் குச்சியைப் பிடித்துக் கத்தியை இழுத்தார். கத்தி பாதியில் நின்றது, பட்டை நார்நாராகக் கிழிந்தது. இன்னொரு குச்சி வாங்கினார். அதுவும் கிழிந்தது. "பச்ச இரும்பு. பதமே ஏறல" என்று கத்தியைக் கீழே வைத்தார்.

 முதலாளி இவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு மட்டம் என்று பிடிபட்டதும் ஆளைப் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் பச்சை இரும்பு என்றால் அது பச்சை இரும்புதான். அவரைப் போலக் கத்தி அறிந்தவர் எங்கள் தோட்டத்தில் யார் இருந்தார்கள்?

"ஏன் மொதலாளி, லயத்து ஆளுகன்னா மட்டமானதத் தள்ளி விட்டுருவீங்களா? யாரு வெட்டுனாலும் கிழியத்தான் போகுது, இந்தா பாருங்க" என்று நானே கத்தியை எடுத்தேன். அவர் வெட்டுவதைப் பார்த்த பழக்கத்தில் குச்சியைச் சாய்த்துப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

குச்சி இரண்டாகி விழுந்தது. ஒரு நார் கூடக் கிழியவில்லை.

மண்ணெண்ணெய் வாங்க நின்ற சிங்களவர் ஒருவர் "ஹொந்த பிஹியக்" என்றார், நல்ல கத்தி என்று. எனக்கு இவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

இவர் குனிந்து அந்தக் குச்சியை எடுத்தார். வெட்டிய இடத்தில் பெருவிரலை ஓட்டிக்கொண்டே நின்றார். பிறகு, "கத்தி நல்ல கத்திதான் மொதலாளி. கட்டிக் குடுங்க" என்றார். முதலாளி நீட்டிய பொட்டலத்துக்குக் கை நீட்டவில்லை. "நீயே தூக்கிட்டு வா புள்ள. வெறகு வெட்ட ஆகும்."

திரும்பும் வழியில் என்னென்னவோ சொன்னேன். கஞ்சி குடித்தால் கை தேறிவிடும் என்றேன். வருகிற மாதம் பாருங்கள் என்றேன். "காதுல வண்டு எரையுது. நீ பேசுறது ஒண்ணும் கேக்கல" என்றார்.

பெயர் கொடுக்க வேண்டிய காலையில் ஆள் கூடும் பெரட்டுக்குத் தப்புக் கொட்டினார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மலைக்குப் போய்க் கொழுந்து கிள்ளிக்கொண்டே அழுதேன். பக்கத்து நிரைக்காரி பார்த்தும் பாராததுபோல இருந்தாள்.

பத்துச்சீட்டு வந்தது. சாமான்களை மூட்டை கட்டியபோது கயிறு மிஞ்சியது. அதை அவர் கையால் முறுக்கிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் அந்தக் கத்தியை எடுத்தேன். ஒரே இழுப்பில் அறுந்தது.